பீரோவில் இருக்கும் துணியை வெட்டுங்கள்

நம் வீட்டுப் பீரோக்களில் தைக்காத ஜாக்கெட் துணி எவ்வளவு இருக்கிறது என்று ஒருநாள் எடுத்து அடுக்கிப் பாருங்கள். கல்யாண வீட்டில் தாம்பூலப் பையோடு வந்தது, வளைகாப்பில் வைத்துக் கொடுத்தது, கொலு பார்க்கப் போன வீட்டில் மஞ்சள் குங்குமத்தோடு கிடைத்தது, புடவையோடு ஒட்டி வந்ததை வெட்டியெடுத்து மடித்து வைத்தது, நிறம் பிடித்துப்போய் நாமே காசு கொடுத்து வாங்கியது என்று ஒரு தட்டு நிறைய இருக்கும். இவற்றில் பாதி நம் கையிலிருந்து அடுத்த விசேஷ வீட்டுக்குப் போகும். அங்கிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும். மீதிப் பாதி பீரோவிலேயே கிடந்து நிறம் மங்கும், மடிப்பில் இற்றுப்போகும்.

அரசுப் பெண்கள் பள்ளியில் தையல் ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது நாகர்கோவிலில் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கிறேன், கற்றுக்கொடுக்கவும் செய்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: இருக்கும் துணியை வெட்டுங்கள். புதிதாக ஒரு மீட்டர்கூட வாங்க வேண்டாம். நம்மிடம் துணிக்குப் பஞ்சமில்லை. உடம்பை அளந்து, அந்த அளவுக்கு வெட்டித் தைக்கத் தெரிந்த கைகளுக்குத்தான் பஞ்சம் வந்துகொண்டிருக்கிறது. அந்தக் கைகளை வளர்க்க வேண்டிய இடம் பள்ளிக்கூடம். தையலை ஒரு பொழுதுபோக்கு விஷயமாக நினைத்து ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

துணி ஏன் கிடக்கிறது?

முதல் காரணம் துணியிலேயே இருக்கிறது. வைத்துக் கொடுக்கும் துணி பல நேரம் அறுபது, எழுபது சென்டிமீட்டர்தான் இருக்கும். நடுத்தர உடம்புக்கு ஒரு ஜாக்கெட் தைக்க எண்பது சென்டிமீட்டர் வேண்டும். முழங்கை வரை கை வைக்க வேண்டுமானால் ஒரு மீட்டர் வேண்டும். அறுபது சென்டிமீட்டரை வாங்கிக்கொண்டு ஒரு பெண் என்ன செய்வாள்? அடுத்த வீட்டுக்குத்தான் கொடுப்பாள். விசேஷம் வைக்கிறவர்களிடம் நான் கேட்பது இது: பத்துப் பேருக்குக் கொடுக்கும் இடத்தில் ஐந்து பேருக்குக் கொடுங்கள்; ஆனால் ஒரு மீட்டர் நல்ல பருத்தித் துணியாகக் கொடுங்கள். வாங்குகிறவள் அதை உடுத்த முடிய வேண்டும்.

இரண்டாவது காரணம் கூலி. அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவதுதான் பெரிய காரணம். 'கொடுத்தால் கெடுத்துவிடுவார்கள்' என்ற பயம். அம்மா கொடுத்த பட்டுத் துண்டு, முதல் சம்பளத்தில் வாங்கிய சுங்குடி, வெளியூரிலிருந்து அக்கா அனுப்பிய துணி. இதையெல்லாம் நல்ல தையல்காரர் கிடைக்கட்டும், நல்ல நாள் வரட்டும் என்று வைத்திருப்பார்கள். தோள் நழுவுகிற, முதுகில் தூக்கி நிற்கிற, கையைத் தூக்கினால் கூடவே மேலே ஏறுகிற ஜாக்கெட்டுகளைப் போட்டுப் போட்டுச் சலித்துப் போனவர்களின் பயம் அது. நியாயமான பயம். அந்தப் பயத்தின் வேர் பெரும்பாலும் ஒரே பழக்கத்தில் இருக்கிறது: அளவு ஜாக்கெட்.

தையல் கடைக்குப் போகும்போது பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுபோகிறோம். 'இதே அளவில் தையுங்கள், கழுத்து மட்டும் அரை இஞ்சு இறக்குங்கள்' என்கிறோம். அந்தப் பழைய ஜாக்கெட்டும் அதற்கு முந்தைய ஒன்றைப் பார்த்து வெட்டியதுதான். முதல் ஜாக்கெட்டில் தோள் அரை இஞ்சு அகலமாகிப் போயிருந்தால், அந்த அரை இஞ்சு பத்து வருஷம் கூடவே வரும். அதற்குள் உடம்பு மாறியிருக்கும். பிள்ளை பெற்றிருப்போம், எடை கூடியிருக்கும், குறைந்திருக்கும், முதுகு லேசாக வளைந்திருக்கும். துவைத்துத் துவைத்து அந்த ஜாக்கெட்டே இழுபட்டுப் போயிருக்கும். துணியை வைத்துத் துணியை அளந்தால் இது எதுவும் தெரியாது.

ஒரு ஜாக்கெட், ஒரு உடம்பு

எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பிள்ளை முந்திரி ஆலையில் வேலை பார்க்கிறாள். வறுத்த கொட்டையைத் தட்டி உடைத்துப் பருப்பு எடுக்கிற வேலை. வருஷக்கணக்காகத் தரையில் உட்கார்ந்து வலது கையால் தட்டுகிறவள். மகளுடைய நிச்சயத்துக்கு ஒரு ஜாக்கெட் வேண்டும் என்று வந்தாள். அரக்குச் சிவப்பில் டூ பை டூ துணி. யார் வீட்டுக் கல்யாணத்திலோ வந்தது. எண்பது சென்டிமீட்டர் இருந்தது.

"டீச்சர், இதுல தேறுமா?"

"தேறும் மக்களே. நாளைக்கு வா. அளவு ஜாக்கெட் கொண்டு வராதே, நீ வந்தால் போதும்."

முதல் வேலை துணியை நனைப்பது. பருத்தித் துணி முதல் தண்ணீரில் மீட்டருக்கு மூன்று, நான்கு சென்டிமீட்டர் வரை சுருங்கும். நனைக்காமல் தைத்தால் அந்தச் சுருக்கம் தைத்த ஜாக்கெட்டில் வரும். முதல் சலவைக்குப் பிறகு 'பிடிக்கிறது' என்று சொல்கிற ஜாக்கெட்டுகளில் பல இப்படி ஆனவைதான். ஒரு இரவு ஊறவைத்து, பிழியாமல் உதறி, நிழலில் காயப்போட்டு, லேசான ஈரத்தில் இஸ்திரி போட்டேன். பல வருஷம் மடித்தே கிடந்த துணியில் மடிப்புக் கோடு நிற்கும். அந்த இடத்தை இரண்டு கைப் பெருவிரலாலும் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். இழை விட்டால் அந்த இடத்தை உடம்புக்கு எடுக்கக் கூடாது. உள்பட்டிக்கோ பைப்பிங்குக்கோ தள்ளிவிட வேண்டும். இந்தத் துணி தாங்கியது.

அடுத்தது இழை பார்ப்பது. ஓரத்தில் குறுக்கே ஓடும் ஊடு நூல் ஒன்றை உருவி, அது போன கோட்டில் வெட்டினால் துணியின் உண்மையான நேர் தெரியும். கடையில் கிழித்த துணி, வெட்டிய துணி எதுவானாலும் ஓரம் கோணியிருக்கலாம். நீளவாட்டில் ஓடும் பாவு நூல் மேலிருந்து கீழாக உடம்போடு இறங்கினால்தான் ஜாக்கெட் திருகாமல் நிற்கும்.

பிறகு அளவு. மார்பு, மார்புக்குக் கீழ், இடுப்பு, தோள், முதுகு அகலம், கை நீளம், கைச் சுற்று. இவை எல்லாக் கடையிலும் எடுப்பவை. நான் கண்டிப்பாக எடுக்கிற இன்னும் இரண்டு அளவுகள் இருக்கின்றன. தோள் உச்சியிலிருந்து மார்பு முனை வரை எத்தனை இஞ்சு, ஒரு முனைக்கும் மறு முனைக்கும் நடுவே எத்தனை இஞ்சு என்பவை அவை. டாட், அதாவது மார்பு வளைவுக்காகத் தைக்கும் மடிப்பு, எங்கே முடிய வேண்டும் என்பதை இந்த இரண்டும்தான் சொல்லும். ஒரே முப்பத்தாறு இஞ்சு மார்பு உள்ள இரண்டு பெண்களுக்கு இந்த உயரம் ஒரு இஞ்சுக்கு மேல் வித்தியாசப்படும். இருபது வயதில் ஒன்பதரை இருந்தவளுக்கு ஐம்பதில் பத்தரை ஆகும். டாட் முனை அந்த இடத்தில் நிற்காவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த துணியும் சுருக்கம் விழுந்து நிற்கும்.

அந்தப் பிள்ளைக்கு டேப் வைத்தபோது வலது தோள் இடதைவிட அரை இஞ்சு இறங்கியிருந்தது. வலது மேல்கை அரை இஞ்சு பருமன் கூட. சுத்தியலைத் தூக்கித் தூக்கி வந்தது அது. இவ்வளவு காலம் அவள் போட்ட ஜாக்கெட் எல்லாம் வலது தோளில் நழுவியிருக்கிறது. அவள் ஊக்கு குத்திக்கொண்டு நடந்திருக்கிறாள். தன் உடம்பில் கோளாறு என்றே நினைத்திருக்கிறாள். நான் பழைய செய்தித்தாளில் இடது முன்பக்கம் தனியாக, வலது முன்பக்கம் தனியாக வரைந்தேன். பின்பக்கத்திலும் ஒரு தோளை இறக்கினேன். வலது கையைச் சற்றுத் தாராளமாக வரைந்தேன்.

எண்பது சென்டிமீட்டரில் இதையெல்லாம் அடக்குவது எப்படி? பின்பக்கமும் ஒரு முன்பக்கமும் மேல் வரிசை. இன்னொரு முன்பக்கமும் இரண்டு கைகளும் கீழ் வரிசை. கைகளை நேர் வாட்டத்தில் போட்டால் இடம் போதவில்லை. குறுக்கு வாட்டத்தில் திருப்பிப் போட்டேன். ஒரே நிறத் துணியில் கையைக் குறுக்கே வெட்டினால் பார்வைக்குத் தெரியாது. கோடு போட்டதோ பூ மேல்நோக்கி இருக்கிறதோ என்றால் அப்படிச் செய்ய முடியாது. உள்பட்டிக்கும் கழுத்துக்கும் காடாத் துணி. காகிதத்தைப் பரப்பி, மாற்றி, திருப்பி, அடங்குகிறது என்று நிச்சயமான பிறகே சாக்பீஸ் எடுத்தேன். கத்தரிக்கோல் எடுத்தது அதற்கும் பிறகு. நாள்பட்ட துணிக்கு இந்த நிதானம் மிக அவசியம். அது தீர்ந்தால் இன்னொரு முழம் வாங்கிவர முடியாது.

மெஷினில் போடும் முன் கையால் கச்சாத் தையல் போட்டு உடுத்திப் பார்க்கச் சொன்னேன். கையைத் தூக்கச் சொன்னேன், முன்னால் குனியச் சொன்னேன், தரையில் உட்காரச் சொன்னேன். அக்குள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'அக்குள் பிடிக்கிறது, இன்னும் ஆழமாக வெட்டுங்கள்' என்று பலரும் கேட்பார்கள். ஆழமாக வெட்டினால் கையைத் தூக்கும்போது பக்கத் தையலும் சேர்ந்து மேலே போகும், ஜாக்கெட் முழுவதும் ஏறும். அக்குளுக்கு நெருக்கமாக, வளைவு சரியாக வெட்டினால்தான் கை தனியாக அசையும். பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கிறவளுக்கும், கரும்பலகையில் எழுதுகிறவளுக்கும், கொடியில் துணி உலர்த்துகிறவளுக்கும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது உடுத்துகிறவர்களுக்குத் தெரியும்.

கடைசியாக, பக்கத் தையலில் இரண்டு புறமும் ஒன்றரை இஞ்சு துணியை உள்ளே விட்டேன். உடம்பு பெருத்தால் பிரித்து விடலாம். துணியை ஒட்ட வெட்டி ஓவர்லாக் போட்டுவிட்டால் அடுத்த வருஷம் அந்த ஜாக்கெட் குப்பைக்குத்தான். உள்ளே விட்ட அந்த ஒன்றரை இஞ்சுதான் ஒரு ஜாக்கெட்டைப் பத்து வருஷம் உழைக்க வைக்கிறது.

உடுத்திக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நின்றவள் வலது தோளைத் தொட்டுப் பார்த்தாள். "ஊக்கு குத்த வேண்டாம் போலிருக்கே டீச்சர்" என்றாள்.

ஜாக்கெட் சின்ன விஷயமா?

இவ்வளவு சொல்வது ஒரு ரவிக்கைக்காகவா என்று கேட்பவர்கள் எங்கள் மாவட்டத்தின் வரலாற்றைப் படிக்க வேண்டும். 1956-இல் மதராஸ் மாநிலத்தோடு சேரும் முன் கன்னியாகுமரி மாவட்டப் பகுதி திருவிதாங்கூரைச் சேர்ந்ததாக இருந்தது. அந்த சமஸ்தானத்தில் நாடார் பெண்களும் ஒடுக்கப்பட்ட பிற சாதிப் பெண்களும் மேலாடை உடுத்தத் தடை இருந்தது. மீறியவர்களின் துணி சந்தையிலும் தெருவிலும் கிழிக்கப்பட்டது. கிறிஸ்தவத்துக்கு மாறிய பெண்கள் குப்பாயம் என்ற தைத்த மேல்சட்டை அணியலாம் என்று, பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த கர்னல் மன்றோ காலத்தில் அனுமதி வந்தது. அதற்குப் பிறகும் கலவரங்கள் ஓயவில்லை. இந்தத் தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் நீடித்தது. கடைசியில் 1859 ஜூலை 26-ஆம் தேதி, மதராஸ் அரசின் நெருக்குதலுக்குப் பின், நாடார் பெண்கள் மேலுடம்பை மறைத்துக்கொள்ளலாம் என்று மகாராஜாவின் பிரகடனம் வந்தது. அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று நிபந்தனை வைத்தார்கள்.

அடி வாங்கி, வீடு எரிந்து, பெண்கள் போராடிப் பெற்ற உடை இது. அந்த உடை அவள் உடம்புக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று சொல்வது அலங்காரப் பேச்சு ஆகாது.

ஊசிக்கும் இந்த ஊரில் வரலாறு உண்டு. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820-களில் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அதில் வந்த வருமானம் பெண்கள் பள்ளியை நடத்த உதவியது. அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் அந்தக் காசில் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். ஊசி பிடிக்கப் பழகிய கை எழுதவும் பழகியது. என்னைப் போன்றவர்கள் தையல் ஆசிரியை ஆனது அந்தத் தொடர்ச்சியில்தான்.

எண்ணில் அடங்காத உடம்பு

'இப்போதுதான் ரெடிமேட் கிடைக்கிறதே, எதற்கு இந்தப் பாடு?' என்பார்கள். இழுபடும் துணியில் ரெடிமேட் ஜாக்கெட் அவசரத்துக்கு உதவும். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் முப்பத்தாறு, முப்பத்தெட்டு, எம், எல் என்ற எண்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொள்வது நல்லது.

அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர் 1863-இல் வெவ்வேறு அளவுகளில் காகித மாதிரிகளை விற்கத் தொடங்கினார். வீட்டில் தைப்பவர்களுக்கு அது பெரிய உதவி. பெண்களுக்கான ரெடிமேட் அளவுகளை ஒழுங்குபடுத்த 1939-40-இல் அமெரிக்க வேளாண் துறை சுமார் 15,000 பெண்களை, ஒவ்வொருவரிடமும் 59 இடங்களில் அளந்தது. வெள்ளையினப் பெண்களின் அளவுகளை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அதை வைத்து 1958-இல் ஒரு தர அளவு வெளியிட்டார்கள். 1983-இல் அதையே திரும்பப் பெற்றார்கள். அவ்வளவு பேரை அளந்தும் பெண் உடம்பு அட்டவணைக்குள் அடங்கவில்லை.

நமக்கென்று தேசிய அளவு அட்டவணை இல்லாமலே இந்தியாவில் ரெடிமேட் தொழில் வளர்ந்தது. அந்தக் குறையைத் தீர்க்க, ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனமான நிஃப்ட், 15 முதல் 65 வயது வரையிலான சுமார் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் திட்டத்தை எடுத்துக்கொண்டது. நல்ல முயற்சி, ஆலைகளுக்குத் தேவையான வேலை. ஆனால் எவ்வளவு நல்ல அட்டவணை வந்தாலும், வலது தோள் அரை இஞ்சு இறங்கிய ஒருத்திக்கு அதில் வரிசை இருக்காது.

மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து வரும் பெண்களுக்கு நான் தைத்துக் கொடுக்கிறேன். முன்பக்கம் கொக்கி, மென்மையான பருத்தி உள்துணி, பேட் வைக்க உள்ளே ஒரு பை, கழுத்து சற்று உயரமாக. சிலருக்கு அந்தப் பக்கக் கை வீங்கும். அந்தப் பக்க ஜாக்கெட் கையைத் தளர்வாக வைக்க வேண்டும், விளிம்பில் இறுக்கமே கூடாது. அவர்களில் பலர் கொண்டுவருவது புதுத் துணி இல்லை. பீரோவில் ஆசையாக வைத்திருந்த துணி. நோய்க்கு முன்பு எடுத்து வைத்தது. அதையே உடுத்திக்கொண்டு மறுபடி வேலைக்குப் போக வேண்டும் என்று கேட்கிறார்கள். எந்தக் கடையின் எந்த எண் அவர்களுக்குப் பொருந்தும்? டேப்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நிற்க ஒரு ஆள் வேண்டும்.

கூலி நியாயமானது

இப்போது கூலிக்கு வருகிறேன். லைனிங் வைத்துத் தைக்கும் கூலி பல நேரம் துணியின் விலையைவிட அதிகம். 'இருநூறு ரூபாய்த் துணிக்கு இவ்வளவு கூலியா?' என்று கேட்டுத் துணியைத் திரும்ப எடுத்துப் போகிறவர்கள் உண்டு. ஒரு ஜாக்கெட்டை ஒழுங்காக அளந்து, வெட்டி, லைனிங்கோடு ஒட்டித் தைத்து, கையால் ஹெம்மிங் செய்து, கொக்கி வைத்து, இஸ்திரி போட்டுக் கொடுக்கத் தேர்ந்த கைக்கே அரை நாள் ஆகும். அரை நாள் உழைப்புக்கு உரிய காசு அது. குறைந்த கூலிக்குப் பேரம் பேசினால் தையல்காரர் முதலில் விடுவது ஹெம்மிங்கை, இரண்டாவது உள்ளே விடும் ஒன்றரை இஞ்சை, மூன்றாவது அளவெடுக்கும் நேரத்தை. அளவு ஜாக்கெட் பழக்கம் வளர்ந்ததற்கும் இதுவே காரணம். அளவெடுக்க அவருக்கு நேரம் கொடுங்கள், அதற்குரிய கூலியைக் கொடுங்கள். துணியை ஏற்கெனவே வைத்திருக்கிறீர்கள். செலவு தையலுக்கு மட்டும்தான்.

காந்தியிடம் 1924-இல் ஜி. ராமச்சந்திரன் இயந்திரங்களைப் பற்றிக் கேட்டார். நெய்யாற்றின்கரையைச் சேர்ந்தவர்; பின்னாளில் சௌந்தரம் அம்மையாரோடு சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கியவர் அவர். இயந்திரங்களை அவ்வளவு கடுமையாக விமர்சித்த காந்தி, சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். தன் மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைப் பார்த்த சிங்கரின் அன்பிலிருந்து பிறந்தது அது என்றார். தைக்கிறவரின் சிரமத்தை நினைத்துப் பார்க்கிற அந்த மனசு, துணியைக் கொடுக்கிற நமக்கும் வேண்டும்.

பள்ளியில் ஒரு பாடவேளை

தையல்காரர்களின் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருவதில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வீடுகளிலும் அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த தையல் நின்றுபோனது. மெஷின் இருக்கும் வீட்டில்கூட அதன் மேல் துணிமணி அடுக்கியிருக்கிறது. கொக்கி அறுந்தால் ஜாக்கெட்டைத் தூக்கிப் போடுகிற, பேன்ட் நீளம் குறைக்கக் கடைக்கு ஓடுகிற தலைமுறை வந்துவிட்டது. படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளைகளுக்கு இஞ்ச் டேப்பை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியவில்லை. அது அவர்கள் தவறும் இல்லை. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

தமிழ்நாட்டில் இதற்கான கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. அரசுத் தேர்வுகள் துறை தையலில் லோயர், ஹையர் என்று தொழில்நுட்பத் தேர்வு நடத்துகிறது. சத்தியவாணிமுத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் ஏழைப் பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் இலவசத் தையல் மெஷின் கிடைக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் விலையில்லாச் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் தைக்கிறார்கள். 2012-இல் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை ஓவியம், உடற்கல்வி, தையல் உள்ளிட்ட தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். நிரந்தரப் பணி கேட்டு அவர்கள் பல ஆண்டுகளாகப் போராடியிருக்கிறார்கள். ஒரு பாடத்தை அரசு எவ்வளவு மதிக்கிறது என்பது அதைக் கற்பிக்கிறவரை எப்படி வைத்திருக்கிறது என்பதில் தெரியும்.

தையல் பாடம் இருந்த காலத்திலும் ஒரு குறை இருந்தது. அதைப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் வைத்தார்கள். பையன்கள் அந்த நேரத்தில் மைதானத்துக்குப் போனார்கள். வெளியே எந்தக் கடைத்தெருவிலும் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் ஆண்கள். பள்ளிக்கூடத்துக்குள் மட்டும் ஊசி பெண்ணின் வேலை என்று ஏன் ஆனது? சட்டை எல்லோருக்கும் கிழிகிறது, பொத்தான் எல்லோருக்கும் அறுகிறது.

நான் கேட்பது இதுதான். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை வாரத்துக்கு ஒரு பாடவேளை, ஆண் பெண் இருவருக்கும், எல்லா அரசுப் பள்ளிகளிலும், முழுநேர ஆசிரியரோடு. தேர்வு வைக்க வேண்டாம். வீட்டிலிருந்து ஒரு துண்டுத் துணி கொண்டுவரச் சொன்னால் போதும். எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் ஊசியில் நூல் கோத்துப் பொத்தான், கொக்கி தைக்கட்டும், ஹெம்மிங் போடட்டும். ஏழாம் வகுப்பில் பாவு எது, ஊடு எது, கிராஸ் என்ற மூலைவாட்டம் எது என்று துணியைத் தொட்டுச் சொல்லட்டும், ஒரு பை தைக்கட்டும். எட்டாம் வகுப்பில் ஒருவரை ஒருவர் நாகரிகமாக அளவெடுக்கட்டும், காகிதத்தில் வரையட்டும், ஒரு எளிய மேல்சட்டை தைக்கட்டும். நாலால் வகுப்பதும் பின்னமும் வடிவியலும் அந்த ஒரு காகிதத்தில் வந்துவிடும். மார்புச் சுற்றில் நாலில் ஒரு பங்கு, அதோடு தையலுக்கு ஒன்றரை இஞ்சு என்று கணக்குப் போட்ட பிள்ளைக்குப் பின்னம் மறக்காது.

இன்னொன்றும் வரும். ஒரு உடம்பைப் பக்கத்தில் நின்று அளந்தவர்களுக்கு, எந்த உடம்பும் அட்டவணைப்படி இல்லை என்பது கையால் தெரியும். ஒரு தோள் இறங்கியிருக்கும், ஒரு கை பருத்திருக்கும், ஒரு முதுகு வளைந்திருக்கும். அதைக் கேலி செய்யாமல் அரை இஞ்சு கூட்டி எழுதிக்கொள்ளப் பழகிய பிள்ளைகள் வளர்ந்து மருத்துவரானாலும், பேருந்து ஓட்டினாலும், சட்டம் இயற்றினாலும் அந்தப் பழக்கம் கூட வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் வாரத்துக்கு அந்த நாற்பத்தைந்து நிமிஷத்தைக் கேட்கிறேன். பள்ளிக்கல்வித் துறை அதைக் கொடுக்க வேண்டும். கொடுக்கும் வரை, தைக்கத் தெரிந்த நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டுப் பீரோவைத் திறந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, முதல் துணியை அவளோடோ அவனோடோ சேர்ந்து வெட்டத் தொடங்கலாம்.